மற்ற மூன்று கையுறைகள்

வலது தோள்பட்டையில் ஆரம்பித்த வலி கழுத்து வழியாக ஏறிப் பின்மண்டையில் வந்து உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து, கிருமியை வெளியே விடாத ஆய்வுக் கேபினெட்டின் கண்ணாடிக்குக் கீழே இரண்டு கைகளையும் நீட்டியபடியே வேலை. முகத்தைச் சொறிய முடியாது. தண்ணீர் குடிக்க முடியாது. அடிவயிறு முட்டினாலும் நினைத்தவுடன் வெளியே ஓட முடியாது. தலையில் மாட்டிய ஹூடுக்குள் சின்ன விசிறி ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. மூட்டை தூக்குகிறவனாவது நடுவில் எங்காவது இறக்கிவைத்து முதுகை நிமிர்த்துவான். அவளுக்கு அதுவும் இல்லை.

எதிரே பிளாஸ்டிக் தட்டுகள். ஒவ்வொன்றிலும் வரிசையாகச் சிறு குழிகள். குழியின் அடியில் உயிருள்ள செல்கள் பாய் விரித்த மாதிரி படிந்திருந்தன. அதன்மேல் வைரஸை விட்டால் அங்கங்கே தின்று ஓட்டை போடும். சில நாள் கழித்துச் சாயம் ஊற்றி ஓட்டைகளை எண்ண வேண்டும். நோயில் விழுந்து பிழைத்தவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை முதலில் வைரஸோடு கலந்து, பிறகு செல்களின் மேல் விடுவார்கள். யாருடைய இரத்தம் கலந்த குழியில் ஓட்டை குறைகிறதோ, அவருடைய இரத்தத்தில் மருந்துக்கான வழி இருக்கிறது. இதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி.

வைரஸ் கொரோனா குடும்பத்தைச் சேர்ந்தது. உலகத்தையே வீட்டுக்குள் போட்டுப் பூட்டியதே, அதற்குத் தூரத்துச் சொந்தம். பரவுவதில் சோம்பேறி, கொல்வதில் முரடு. சிலருக்குச் சளி மாதிரி வந்து போய்விடும். சிலரை ஒரே வாரத்தில் மூச்சுத் திணறவைத்து முடித்துவிடும். யாருக்கு எது என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

"பஞ்சர், இன்னும் எத்தனை?" பக்கத்தில் தட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் கேட்டான். ஹூடுக்குள்ளிருந்து வரும் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும்.

"ரெண்டு தட்டு."

"அப்பவும் ரெண்டுன்னுதான் சொன்ன."

"அது வேற ரெண்டு."

"உன்கிட்ட மாட்டினா அவ்வளவுதான். கணக்கே தனி."

அவளுடைய அப்பா சாலையோரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது அதைச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். அவளுக்கு அதில் கோபம் இல்லை. கூப்பிடுவதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்களே என்றுதான் இருந்தது. அவனை எல்லோரும் வாத்தி என்பார்கள். டீ ஏன் ஆறுகிறது என்று கேட்டால்கூட எழுதிக்காட்ட போர்டு தேடுவான்.

வாத்தி இன்றைக்கு இங்கே இருக்க வேண்டியவனே இல்லை. ஊரில் அவனுடைய அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. கூட இருந்து பார்த்துக்கொள்ளும் தம்பி, "அண்ணா, இனிமே தள்ளிப்போடாத" என்று சொல்லிவிட்டான். காலைப் பேருந்துக்குக் கிளம்ப இருந்தவனை நேற்று அவள்தான் நிறுத்தினாள். வைரஸை வைத்து வேலை செய்யும் இந்த உள்ளறைக்குள் ஒற்றையாக யாரும் போகக் கூடாது, இரண்டு பேர் கட்டாயம். மற்ற இருவர் வெளியூர்ப் பயிற்சியில் இருந்தார்கள். செல்கள் பதமாக வளர்ந்து நின்றன. ஒரு நாள் தாண்டினால் அத்தனையும் குப்பை. "அரை நாள் மட்டும் வாத்தி. சாயங்காலம் நானே உன்ன பஸ் ஏத்திவிடுறேன்" என்று கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றான். டிக்கெட்டை மாலைக்கு மாற்றிக்கொண்டான்.

கடைசித் தட்டும் முடிந்தது. வெளிக் கையுறைகளைக் கேபினெட்டுக்குள்ளேயே கழற்றிப் பையில் போட்டுக் கட்டி, சுவரில் பதித்திருந்த ஆட்டோகிளேவுக்குள் தள்ளினார்கள். நீராவியின் அழுத்தத்தில் எல்லாவற்றையும் வேகவைத்துக் கொல்லும் இரும்புப் பெட்டி அது. பிறகு இருவரும் உடை மாற்றும் சிற்றறைக்கு வந்தார்கள். மேலங்கி, ஹூடு, கடைசியில் உள் கையுறைகள். தரையிலிருந்த கிருமிநாசினித் தொட்டிக்குள் முதலில் அவன் தன்னுடையதைப் போட்டான். அடுத்து அவள் போட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே அளவு. அவளுடைய கைகள் பெண்கள் அளவுக்கு அடங்காதவை. டயரை நெம்பி வளர்ந்த கைகள்.

வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. கை கழுவுவதற்கு முன்பே, என்ன செய்கிறோம் என்று தெரியாமல், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

தொட்டியைக் காலி செய்வது அவள் முறை. புதிய கையுறை மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டாள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. விதிமுறையில் கையுறையைக் கண்ணால் பார்த்தால் போதும் என்றுதான் இருக்கிறது. அவள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் காற்றைப் பிடித்துக்கொண்டு அதன் வாயை முறுக்கி, தண்ணீருக்குள் அமுக்கிப் பார்ப்பாள். பள்ளிவிட்டு வந்து கடையில் டியூபை அமுக்கியவள் அல்லவா, கை சும்மா இருக்காது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட எதுவும் வந்ததில்லை.

முதலில் கைக்கு அகப்பட்டதை அமுக்கினாள். ஆள்காட்டி விரலின் ஓரத்திலிருந்து ஒரு குமிழி கிளம்பி மேலே வந்து உடைந்தது. இன்னொரு தடவை அமுக்கினாள். இன்னொரு குமிழி.

தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. இனி அமுக்கிப் பார்க்க என்ன இருக்கிறது, ஒன்று போதும். நான்கையும் சேர்த்து அள்ளிப் பையில் போட்டாள், கட்டினாள், ஆட்டோகிளேவின் சிற்றறைப் பக்கக் கதவு வழியாக உள்ளே தள்ளிச் சாத்திப் பொத்தானை அழுத்தினாள். நோய்க்கழிவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது என்று பழக்கியிருந்தார்கள். கை தன் பாட்டுக்குச் செய்து முடித்தது. உள்ளே நீராவி சீறத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"வாத்தி, ஓட்டை."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவன் திரும்பினான். "எதுல?"

"உள் கிளவுஸ்ல."

"யாரோடது?"

"தெரியல. நாலும் ஒண்ணாக் கெடந்துச்சு."

"வெளி கிளவுஸ்?"

"அதுவும் உள்ள வெந்துக்கிட்டு இருக்கு."

இருவரும் விளக்குக்குக் கீழே கைகளை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். கீறல் எதுவும் இல்லை.

அவன் குரலைத் தாழ்த்தினான். "பஞ்சர், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. கையில ஒரு கீறல் கெடையாது. சோப்பு போட்டுக் கழுவியாச்சு. கண்ணால பாருன்னுதான் ரூல். தண்ணியில அமுக்கிப் பாருன்னு எங்கயும் எழுதல. நீ அமுக்கலன்னா இந்த ஓட்டையே இல்ல."

"அமுக்கிட்டேனே."

"அமுக்கலன்னு நெனச்சுக்கோ."

"உள்ள இருக்கிறது என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கா தெரியாது? வாய் கிழிய ஊருக்கே பாடம் நடத்துறவன் நான். எங்கம்மா நாலு நாளா 'பெரியவன் வந்துட்டானா'ன்னு மட்டும்தான் கேக்கிறாங்களாம். தண்ணி வேணும்னுகூடக் கேக்கலையாம்."

"இதை நீ கொண்டுபோய் அவங்க பக்கத்துல உக்காந்தா?"

"எங்கிட்ட இல்லன்னா?"

அவன் சுவரில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்தான்.

"நேத்து நீ கேட்டப்ப நான் சரின்னேன்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அவள் சுவரிலிருந்த போனை எடுத்தாள். துணிச்சலால் எடுத்தாள் என்று சொல்ல முடியாது. முகம் தெரியாத ஒரு கிழவி ஏதோ ஒரு கட்டிலில் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிப்பது கண்ணுக்குள் வந்து நின்றது. அந்தப் பயம்தான் எடுக்கவைத்தது. எண்களை அழுத்தும்போது அவன் தடுக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பிறகு நெடுநாள் உறுத்தியது. தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"ரெண்டு பேரும் அப்படியே நில்லுங்க" என்றார் பாதுகாப்பு அதிகாரி. "எங்கயும் போகாதீங்க, யாரையும் பாக்காதீங்க."

வளாகத்தின் மருத்துவப் பிரிவில், மாடியின் கோடியில், இதற்கென்றே கட்டிவைத்த இரண்டு அறைகள் இருந்தன. கட்டிய நாளிலிருந்து யாரும் தங்காத அறைகள். பெயிண்ட் வாசனைகூட முழுசாகப் போகவில்லை. அவளுக்கு ஒன்று, அடுத்தது அவனுக்கு. கதவில் தலை அளவுக்கு ஒரு கண்ணாடி. ஜன்னலைத் திறக்க முடியாது. அதற்கு வெளியே வண்டி நிறுத்துமிடம். அவனைப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவதற்காக அவள் கொண்டுவந்த ஸ்கூட்டர் அங்கே நின்றது. அதன் பக்கக் கண்ணாடியில் இரண்டாவது ஹெல்மெட் தொங்கியது.

பத்து நாள் என்றார்கள். தினமும் மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்துப் பரிசோதனை. தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு வந்த நர்ஸ், "வீட்ல யாருக்காவது சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"அப்பா ஒருத்தர்தான். நானே பேசிக்கிறேன்."

"வேற யாரும்?"

"வேற யாரும் இல்ல."

நர்ஸ் ஒரு நொடி நின்றாள். பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, மறுநாளிலிருந்து தட்டில் ஒரு ஆப்பிள் கூடுதலாக வந்தது.

முதல் இரண்டு நாள் அவளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவளுடைய வாடகை அறையும் ஏறக்குறைய இதே அளவுதான். அங்கேயும் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. கதவைத் தட்ட யாரும் வருவதில்லை. அங்கே தாழ்ப்பாள் உள்பக்கம், இங்கே வெளிப்பக்கம். ஒரு வாரம் ஆள் காணாமல் போனால் வீட்டுக்காரருக்குத் தெரியாது, பால்காரனுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய ஒரே ஆள் பக்கத்து அறையில் பேசாமல் இருந்தான். சுவருக்கு அந்தப்பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம், இருமாமல் தொண்டையைச் செருமும் சத்தம், தம்பியோடு போனில் பேசும் முணுமுணுப்பு. சொற்கள் புரியாது. "அம்மா" என்பது மட்டும் கேட்கும்.

மூன்றாம் நாள் அப்பா கூப்பிட்டார்.

"பாப்பா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்ப்பா. இங்க ஆபீஸ்லயே ஒரு பத்து நாள் உள்ள இருக்கச் சொல்லியிருக்காங்க."

"எதுக்கு? என்ன தப்பு பண்ணின?"

"தப்பு இல்லப்பா. ஒரு கிளவுஸ்ல ஓட்டை."

"ஓட்டைன்னா கழட்டி வீசிட்டு வேற மாட்டு. அதுக்கு ஆளைப் புடிச்சு அடைப்பாங்களா? நல்ல கம்பெனி பாத்து வேலைக்குப் போன, போ." பிறகு, வாடிக்கையாளரிடம் கேட்கிற அதே குரலில், "எத்தனை ஓட்டை?" என்றார்.

"ஒண்ணுதான்ப்பா."

"சரி, சாப்பிடு. சும்மாதானே இருக்க, தூங்கு."

போனை வைத்த பிறகு அந்தச் சொல் வாயிலேயே நின்றது. ஒண்ணுதான். அது அவளுக்கு எப்படித் தெரியும்? கடையில் ஒரு ஓட்டை கிடைத்தால் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு மிச்ச டியூபையும் ஒரு சுற்று தண்ணீரில் விடுவாள். பத்து வயதில் தெரிந்த வேலை. முழுசாகச் சுற்றாமல் அனுப்பினால் வண்டிக்காரன் அடுத்த திருப்பத்திலிருந்து தள்ளிக்கொண்டே வந்து நிற்பான். தொட்டிக்குள் இன்னும் மூன்று கையுறைகள் கிடந்தன. அவள் தொடவில்லை.

தோள்பட்டை வலி போகாமலே இருந்தது. வலியை நம்பாத வீட்டில் பிறந்தவள். அம்மா உயிரோடு இருந்தவரை, உடம்பு வலிக்கிறது என்று யாராவது சொன்னால், "அப்ப உசுரோட இருக்கன்னு அர்த்தம்" என்பாள். இது வேலை செய்த வலியா, நோய் வந்த வலியா? மாலையில் கால்களும் வலித்தன. படுத்துக் கிடக்கிறவளுக்குக் கால் எதற்கு வலிக்க வேண்டும்? கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். தன் கையே சுட்டால் நெற்றிச் சூடு எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் இன்னொருவர் கை வேண்டும் போலிருந்தது. யாருடைய கையானாலும் பரவாயில்லை.

நான்காம் நாள் காலை நர்ஸ் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று போனில் பேசினாள்.

"உங்களுக்கு வந்திருக்கு. பயப்படாதீங்க, ஆக்சிஜன் நல்லா இருக்கு. டாக்டர் வராரு."

"பக்கத்து ரூம்?"

"அவருக்கு இல்ல. நாலு நாளும் இல்ல."

கண்ணைத் துடைத்த புறங்கை நினைவுக்கு வந்தது. அதை அப்படியே வெறித்துப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் போன் ஒலித்தது. வாத்தி. இத்தனை நாளில் முதல் தடவை.

"எப்படி இருக்க?"

"கால் வலி. லேசா ஜுரம்."

"மூச்சு?"

"மூச்சு இருக்கு."

"நிறைய தண்ணி குடி. குப்புறப் படு, நுரையீரலுக்கு நல்லது. ஏன் நல்லதுன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். பிறகு, "அப்ப ஓட்டை உன்னோடது" என்றான்.

"ஆமா."

"என்னோடது ரெண்டும் நல்லா இருந்திருக்கு."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"டைரக்டர் மேடம்கிட்ட சொல்லு பஞ்சர். நான் சொன்னா, போறதுக்காகச் சொல்றான்னு நெனப்பாங்க. நீ சொல்லு. ஒரே ஓட்டைதான், அது உன்னோடதுதான்னு சொல்லு. தம்பி சொல்றான், அம்மா கண்ணத் தொறக்கிறதே கொறஞ்சுபோச்சாம். இப்பக் கெளம்பினா நாளைக்குக் காலையில போய்ச் சேந்துடுவேன்."

அவள் உடனே இயக்குநரைக் கூப்பிட்டாள். பாதுகாப்பு அதிகாரியும் அழைப்பில் சேர்ந்துகொண்டார். சளி மூக்கை அடைத்தது, இருந்தாலும் நிறுத்தாமல் பேசினாள். உள்ளறைக்குள் அவன் ஹூடு போட்டிருந்தான், காற்றில் வந்திருக்க வழியில்லை. சிற்றறையில் அவன் அவளோடு முகத்துக்கு முகம் பேசியது உண்மை, ஆனால் தன் கண்ணுக்குள் போன அதே நிமிடத்தில் யாரும் இன்னொருவருக்குத் தர முடியாது, அது உள்ளே பெருகவே நாளாகும். இவ்வளவையும் சொன்னாள்.

"இதெல்லாம் எனக்கும் தெரியும்மா" என்றார் இயக்குநர். கடுமையான ஆள் என்று பெயர். குரலில் இன்றைக்குக் கடுமை இல்லை. "அவரை அனுப்பத்தான் நானும் வழி தேடுறேன். ஒரே ஒரு விஷயம்தான். அவரோட கிளவுஸ்ல ஓட்டை இல்லன்னு எனக்கு யாராவது சொல்லணும். சிலருக்கு எட்டாம் நாளும் வருது."

பாதுகாப்பு அதிகாரி கேட்டார்: "நாலையும் தண்ணியில அமுக்கிப் பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். ஒரு சொல். அதைச் சொன்னால் அவன் மாலைப் பேருந்தில் இருப்பான். நான்கும் உருகிக் கட்டியாகிக் குப்பைக்குப் போய்விட்டன, அவற்றை யாரும் தோண்டி எடுத்துக் கேட்கப்போவதில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் நாற்காலிச் சத்தம் இல்லை. அவன் சுவரை ஒட்டி நிற்கிறான் என்று தெரிந்தது.

அவனுக்கு வராது என்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அவளுக்கு நிச்சயம். மிச்சம் ஒன்று அந்த மூன்று கையுறைகளில் இருந்தது.

"ஒண்ணுதான் சார் பாத்தேன்" என்றாள். "அதுல குமிழி வந்ததும் நிறுத்திட்டேன்."

"சரிம்மா, ரெஸ்ட் எடு" என்று இயக்குநர் போனை வைத்தார்.

வாத்தி கூப்பிட்டான். "என்ன சொன்ன?"

"மத்த மூணையும் பாத்தியான்னு கேட்டாங்க."

"பாத்தியா?"

"இல்ல."

"அத அப்படியே சொன்னியா?"

"சொன்னேன்."

"ரெண்டு தடவையும் உண்மையத்தான் சொல்லியிருக்க" என்றான். "நல்லா இரு."

திட்டியிருந்தால் தேவலை.

அன்று மாலையிலிருந்து ஜுரம் ஏறியது. குப்புறப் படுத்தாள். ஒவ்வொரு மூச்சும் ஈரத் துணி வழியாக இழுப்பது மாதிரி இருந்தது. டாக்டர் வந்தார், ஊசி போட்டார், போனார். செத்தால் யார் வருவார் என்று யோசித்துப் பார்த்தாள். அப்பா வருவார். வந்து, "எங்க ஓட்டை?" என்று கேட்பார். சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் வந்து, இருமலில் கண்ணீர் வந்தது. ஜுரத்திலும் கை மட்டும் வேலை செய்தது. தண்ணீருக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகத் தேடியது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. எத்தனை தடவை அமுக்கினாலும் குமிழி வருமா வராதா என்று தெரிவதற்குள் விழிப்பு வந்துவிடும்.

ஆறாம் நாள் சாயங்காலம் சுவருக்கு அந்தப்பக்கம் போன் மணி அடித்தது. பேச்சுச் சத்தம் இல்லை. சற்று நேரம் கழித்துக் குழாயைத் திறந்துவிடும் ஓசை. வாளி நிரம்பி வழிகிற அளவுக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவளுக்குக் கேட்கக் கூடாது என்று திறந்துவிட்டிருக்கிறான். அவள் எழுந்துபோய்ச் சுவரில் கையை வைத்தாள். தட்டலாமா என்று நினைத்தாள். தட்டி என்ன சொல்வது? நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றாள். சுவர் குளிர்ச்சியாக இருந்தது. தண்ணீர் நிற்கிறவரை நின்றாள்.

மறுநாள் அவனுடைய தம்பி அம்மாவை எடுத்துப்போவதை எல்லாம் போனில் காட்டினான் போலிருக்கிறது. ஆட்கள் பேசும் சத்தம், யாரோ ஒரு பெண் ஓங்கி அழும் சத்தம், சிக்னல் அறுந்து அறுந்து வந்தது. "முகத்தக் காட்டுடா, முகத்தக் காட்டு" என்று அவன் கத்தியது மட்டும் தெளிவாகக் கேட்டது.

பத்தாம் நாளும் அவனுக்கு ஒன்றும் வரவில்லை. அவனை வெளியே விட்டார்கள். அவளுக்கு இன்னும் சில நாள் பாக்கி இருந்தது. கையில் பையோடு போகிறபோது அவள் கதவுக் கண்ணாடிக்கு முன்னால் நின்றான். தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தான். அவள் கட்டிலிலிருந்து எழுந்தாள். போனை எடுக்கப் போனாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். அவளைப் பார்த்தான், அவளுடைய ஆக்சிஜன் குழாயைப் பார்த்தான், போனான். குழாய் எட்டுகிறவரை ஜன்னல் பக்கம் நகர்ந்துபோய்ப் பார்த்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் அவளுடைய ஸ்கூட்டரைத் தாண்டி நடந்தான். தொங்கிய ஹெல்மெட்டின் மேல் தூசி படிந்திருந்தது. அவன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊருக்குப் போனவன் ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தான். அவளும் அதற்குள் உடம்பு தேறியிருந்தாள். மாடி ஏறினால் மட்டும் மூச்சு வாங்கும். உள்ளறைக்கு இரண்டு பேர் கட்டாயம் என்பதால் மறுபடியும் அவர்கள் இருவரும்தான் சேர்ந்து போனார்கள். "தட்டு", "போதும்", "மூடு". இவ்வளவுதான் பேச்சு. வாத்தி இப்போது யாருக்கும் பாடம் நடத்துவதில்லை. கையுறை மாட்டுவதற்கு முன் அழியாத மையால் தன்னுடையதில் ஒரு கோடு போடுவான். வேலை முடிந்ததும் தொட்டிக்குள் கையை விட்டு நான்கையும் அவனே அமுக்கிப் பார்ப்பான். ஒன்றைக்கூட விடமாட்டான். இப்போது விதிமுறையிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். அவன் அமுக்கும்போது அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவு நேரமும் அவளுக்கு மூச்சே வராது.

அன்றைக்கு அவர்கள் செய்து வைத்த தட்டுகள் வீண் போகவில்லை. அடைபட்டுக் கிடந்த நாள்களில் வேறு ஆட்கள் சாயம் ஊற்றி எண்ணியிருந்தார்கள். பிழைத்தவர்களில் ஒருவருடைய இரத்தம் நன்றாக வேலை செய்திருந்தது. கட்டுரையில் அவளுடைய பெயரும் அவனுடைய பெயரும் அடுத்தடுத்து வரப்போகின்றன என்றார் இயக்குநர். இருவரும் தலையாட்டினார்கள்.

இப்போது பிழைத்தவர்களின் வரிசையில் அவளும் ஒருத்தி. அவளுடைய கையிலிருந்தும் இரத்தம் எடுத்தார்கள். அதை வைரஸோடு கலந்து செல்களின் மேல் விட்டார்கள். சாயம் ஊற்றிய அன்று வெளிச்சப் பலகையின் மேல் தட்டை வைத்து எண்ணியது வாத்திதான். அவள் எதிர் நாற்காலியில் முடிவுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மற்றவர்களின் குழிகளில் ஏழு, பதினொன்று, நான்கு என்று வாசித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரிசையில் நின்றான். குனிந்து பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். குழி முழுக்க ஒரே ஊதா. கிழிசலே இல்லாத பாய்.

"உன்னோடது" என்றான். "ஒரு ஓட்டை இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"எல்லாத்தையும் பாத்தேன்."

அவன் குரலில் குத்தல் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தாள். அவன் அடுத்த தட்டுக்குப் போய்விட்டான்.

"வாத்தி" என்றாள்.

"ம்."

மன்னிச்சுடு என்பது மிகச் சின்னதாக இருந்தது, அதை இந்த அறையில் வைத்தால் வைத்த இடமே தெரியாது. அவன் காத்திருந்தான். நிஜமாகவே காத்திருந்தான், விரல் எண்ணிய குழியின்மேல் அப்படியே நின்றது. பிறகு, "ஒன்பது" என்று அடுத்த எண்ணைச் சொன்னான். அவள் ஏற்றினாள்.

அரை நாள் என்று கேட்டு அவனை நிறுத்தியவள் அவள். போனை எடுத்தது அவள். அது தப்பு என்று அவனும் சொல்லமாட்டான், அவளும் சொல்லமாட்டாள். அந்தக் கணக்கு அங்கே முடிந்தது. முடியாதது மற்றது. தோள் வலிக்கிறது என்று மூன்று கையுறைகளைப் பார்க்காமல் விட்டாள். பார்த்திருந்தால் நான்காம் நாள் அவன் கிளம்பியிருப்பான். அவன் அம்மா உயிரோடு இருந்த கடைசி இரண்டு நாளை அவள் அவனுக்குத் தர வேண்டும். இன்னும் தரவில்லை.